ஏப்ரலுக்குப் பொறுக்காத கீரை

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு நாட்கள்தான் முக்கியம். வசந்தத்தில் கடைசி உறைபனி விழும் நாள் ஒன்று, இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழும் நாள் மற்றது. தீபாவளி, பொங்கல், மகனின் பிறந்தநாள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். இந்த இரண்டையும் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. என் கணவர் சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

லண்டன் எட்மண்டனில், ஆற்றுப் பக்கமாகச் சரிந்து போகும் பள்ளத்தில், கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டுகளில் ஒன்று அவரிடம் இருந்தது. பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நின்றே வயது போன மனிதர். வேலையை விட்ட பிறகுதான் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார். பார்க்கத் தொடங்கியவர் பிறகு என்னைப் பார்க்கவில்லை என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு.

"ரீவிக்காரன் லண்டன் எண்டு சொல்லுறது நகரத்து நடுவை," என்பார். "அங்க கட்டிடச் சூடு. எங்கட பள்ளத்துக்குள்ள குளிர் வந்து தேங்கி நிக்கும். அவன் ஃப்ரொஸ்ட் இல்லை எண்ட நாளிலதான் என்ர போஞ்சிச் செடி கருகினது."

இந்தக் கணக்கெல்லாம் அவருக்குப் பைத்தியமாக மாறியது ஒரு கீரையால். பக்கத்துத் துண்டில் தோட்டம் செய்த வியட்நாம்காரி ஒரு நாள் ஒரு கட்டுக் கீரை கொடுத்துவிட்டாள். இலையை முகர்ந்து பார்த்தேன். செவ்வந்தி. சந்தேகமே இல்லை. பூவுக்காக அல்லாமல் இலைக்காக வளர்க்கிற செவ்வந்தியாம்.

"சாமிக்குச் சாத்துற பூவின்ர இலையை ஆராவது தின்னுவினமோ? ஆடு தின்னும்," என்றேன்.

"அப்ப இண்டைக்கு ஆட்டுக்குச் சமையும்," என்றார்.

பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, தேங்காய்ப்பூப் போட்டு வறையாகச் செய்தேன். முதலில் கசப்பு வந்தது. பிறகு ஒரு மணம் மூக்குக்குள் ஏறியது. ஆடு இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டது.

அதற்குப் பிறகு அவர் தானே விதை வாங்கினார். பக்கத்துத் துண்டுக்காரியுடையது அகன்ற இலை. இவர் வாங்கியது கொத்தமல்லி இலைபோல் ஆழமாக வெட்டுப்பட்ட இலை, கசப்பும் கொஞ்சம் கூட. முதல் வருஷம் எங்கள் சனம் எல்லாரும் செய்வதைத்தான் இவரும் செய்தார். வெயில் வரட்டும் என்று காத்திருந்து ஜூனில் விதைத்தார். நாங்கள் வெயிலைக் கண்டால்தான் மண்வெட்டியைத் தூக்குகிற ஆட்கள். இந்தக் கீரைக்கோ வெயில்தான் பகை. நான்கு இலை விடும் முன்னமே தண்டெடுத்துப் பூத்துவிட்டது. வீட்டுச் சாமிப் படங்களுக்கு ஒரு மாதம் பூப் பஞ்சம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் திரும்பவும் போட்டார். விரல் உயரம் வருவதற்குள் கடும் உறைபனி வந்து சுருட்டிவிட்டது. அன்று தோட்டத்திலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மேசையில் இருந்து கணக்குப் பார்த்தார். வசந்தத்தில் கடைசி உறைபனி கழிகிற ஏப்ரல் முடிவிலே விதைக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். மற்றப் போகத்துக்கு முதல் உறைபனியிலிருந்து ஆறேழு கிழமை பின்னுக்கு எண்ண வேண்டும், ஓகஸ்ட் முடிவதற்குள் விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். இதை அவர் சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்தது. மண்ணைத் தொடாத நானே நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவருடைய வயிற்று நோவு வயிற்று நோவு இல்லை என்று தெரிந்தது. கணையத்தில் புற்று. வசந்தத்தில் ஊசி தொடங்கினார்கள். ஊசி என்று நாங்கள் சொல்வோம், உண்மையில் கையில் குழாயைச் செருகி மணிக்கணக்காக இறக்குகிற மருந்து. அந்த மருந்து முதலில் எடுத்தது அவருடைய நாக்கை. மீன் குழம்பு, ரசம், தேத்தண்ணி எல்லாம் ஒன்றாகிவிட்டன. "வாய்க்குள்ள இரும்புத் துண்டு ஒண்டை வைச்சுச் சப்புற மாதிரிக் கிடக்கு," என்றார். தட்டைத் தள்ளிவைக்க மாட்டார், அது அவருடைய வழக்கமில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு விழுங்குவார். தள்ளி வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மே மாதத்தில் பக்கத்துத் துண்டுக்காரி அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுத் தன் கீரையில் ஒரு கட்டு அனுப்பினாள். வறை செய்து கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது தெரியுது," என்றார்.

"என்ன தெரியுது?"

"கசப்பு. இரும்பைத் தாண்டி வருது." பிறகு சிரித்தார். "என்ர கீரையெண்டா இன்னும் வடிவாத் தெரியும்."

ஒரு கிழமை அதையே சாப்பிட்டார். பிறகு வெயில் ஏறியது, அவளுடைய பாத்தி பூத்துவிட்டது. எனக்கு மனம் கேட்கவில்லை. சீனக் கடையில் கட்டுக் கீரை வாங்கிவந்து செய்தேன். வாயில் வைத்துவிட்டு, "இது கண்ணாடி வீட்டில வளந்தது, செத்த கீரை," என்றார். அதோடு அந்த வழி அடைபட்டது.

ஜூலையில் ஸ்கான் முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள், மகன் தானே செய்வதாகச் சொன்னான். என் கணவருடைய இங்கிலிஷ் சிகரெட்டும் பெற்றோலும் விற்கப் போதுமான இங்கிலிஷ். ஆஸ்பத்திரி இங்கிலிஷ் வேறு. அது மெத்தைமேல் வைத்துக் கொடுக்கிற கத்தி. எவ்வளவு பொல்லாத விஷயத்தையும் மெல்ல, மரியாதையாக, நடுவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தவள், எனக்கு விளங்கும்.

டொக்டர் பெண் சொன்னது இது: மருந்து நோயை நிறுத்தவில்லை, இனியும் நிறுத்தாது. டிசம்பர் நத்தார்ப் பண்டிகையைத் தாண்டுவது கடினம். ஊசியைத் தொடர்ந்தால் சிலவேளை சில கிழமை கூடலாம், ஆனால் பக்க விளைவுகள் இருக்கும். என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம்.

மகன் தகப்பனுக்குச் சொன்னது இது: "மருந்து கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யுதாம், அப்பா. விடாமப் போடவேணுமாம்."

என் கணவர் டொக்டரைப் பார்த்துத் தலையாட்டி, "தேங்க் யூ, தேங்க் யூ," என்றார். அவள் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. இப்படிச் செய்தி கேட்டு நன்றி சொல்கிற மனிதரை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் அவரை முன்சீற்றில் இருத்திவிட்டு, மகன் காருக்குப் பின்னால் வந்து என் கையைப் பிடித்தான். "அம்மா, சொல்லிப்போடாதேங்கோ. அப்பா மனம் விட்டிடுவார்." அவனுக்கு நாற்பதை நெருங்குகிறது. அழுத முகத்தில் ஒரு வயதுமில்லை.

அன்று பின்னேரமே ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் மச்சாள், அவருடைய அக்கா, போன் எடுத்தாள். "சொன்னா ஆள் அண்டைக்கே போயிடும். உனக்குத் தெரியாததே? எங்கட அப்பாவுக்கும் நாங்கள் சொல்லேல்லை."

எங்கள் ஆட்களின் பழக்கம் இது. பக்கத்து வீட்டுக்குத் தெரியும், கோயிலில் தெரியும், கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தெரியும். சாகப்போகிறவனுக்கு மட்டும் தெரியாது. அவனைச் சுற்றி நின்று தேறுகிறாய், முகம் தெளிந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இதற்குப் பெயர் அன்பாம். எனக்கு அது அன்று முதலே பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் மச்சாள். நடுவில் நான் ஒருத்தி வாயைத் திறந்து, அடுத்த நாள் அவர் கண்ணை மூடினால்? அந்தப் பயம் என் வாயையும் கட்டிப்போட்டது.

ஓகஸ்டில் ஒரு மாலை, ஊசி போட்டு இரண்டு நாள் படுத்திருந்தவர் எழுந்து வந்து மேசையில் இருந்தார். மகனும் வந்திருந்தான். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, "கீரை போடவேணும். இப்ப போட்டாத்தான் ஃப்ரொஸ்டுக்கு முதல் வெட்டலாம்," என்றார்.

"இந்த நிலைமையில மண்ணுக்குள்ள நிக்கப் போறீங்களோ? உடம்பைத் தேத்துங்கோ. வாற ஏப்ரல் போடலாம் அப்பா. நானும் வந்து கொத்தித் தாறன்."

அவர் யோசித்தார். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன்.

"ஓம், அதுவும் சரிதான்," என்றார். "ஏப்ரல் முடிவில போட்டா ஃப்ரொஸ்ட் பயமும் இல்லை. பொறுப்பம்."

பொறுப்பம் என்ற அந்தச் சொல்லில் எனக்குக் கொதி வந்தது. அவரிடம் இல்லாத ஒரு ஏப்ரலைக் கொடுத்து, இருக்கிற ஓகஸ்டைப் பறித்துவிட்டோம். நாக்குக்கு எட்டுகிற ஒன்றே ஒன்று அந்தக் கீரை. அதைச் சாகுமுன் அவர் ஒருதரம் சாப்பிட வேண்டும். வேறு எதையும் என்னால் மாற்ற ஏலாது, இதை ஏலும். அன்றிரவு படுக்கும் முன்னமே முடிவெடுத்துவிட்டேன்.

ஆனால் அவருக்குத் தெரிந்து விதைக்க முடியாது. ஏப்ரலுக்குப் பொறுப்போம் என்று எல்லாரும் சொன்ன பிறகு நான் ஓடிப்போய் விதைத்தால் ஏன் என்று கேட்பார். அந்த ஏனுக்கு என்னிடம் பொய் இருக்கவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். எட்மண்டனிலிருந்து வெஸ்ட் ஈலிங் போய் வர அரை நாள் பிடிக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நல்ல சேலை உடுத்தி, பொட்டு வைத்து, பையில் பழைய சப்பாத்தையும் அவர் எடுத்து வைத்திருந்த விதையையும் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் இரண்டு தரிப்பு தள்ளி இறங்கித் தோட்டத்துக்குப் போவேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கொத்தினேன். ஓகஸ்ட் கடைசிக் கிழமை விதை போட்டேன். திரும்பும்போது வீட்டுத் தட்டில் இருந்து எடுத்துப்போன எங்கள் திருநீற்றையே கடதாசியில் மடித்துக்கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினேன். "அம்மன் என்னவாம்?" என்று கேட்பார். "சுகமாம்," என்பேன். அம்மனுக்குச் செய்த இந்தக் கள்ளத்துக்கு அவளே என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் போகட்டும்.

மிச்ச நாட்களில் பக்கத்துத் துண்டுக்காரி தண்ணீர் ஊற்றினாள். நத்தைகள் ஒரு வரிசையைத் தின்றன. மீதி வந்தது. செப்டம்பர் முடிய அந்த வெட்டுப்பட்ட இலைகள் சாண் உயரத்துக்கு நின்றன. அவர் அதற்குள் நன்றாக இளைத்துவிட்டார். படி இறங்கக் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் இளைக்க இளைக்க இலை பெருத்தது. யார் முந்துவார் என்று எண்ணிப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

ஒக்டோபர் நடுவில் குளிர் இறங்கப் போகிறது என்று ரீவியில் சொன்னார்கள். நகரத்துக்கு இல்லை, புறநகரில் சில இடங்களில் இருக்கலாம் என்றார்கள். எங்கள் பள்ளம் என்று நான் விளங்கிக்கொண்டேன். அடுத்த நாளே போய் முதல் வெட்டு வெட்டி, மிச்சத்துக்கு உறைபனி மறைக்கிற வெள்ளைத் துணியைப் போர்த்துவிட்டு வந்தேன். பக்கத்துத் துண்டுக்காரி தந்தது என்று சொல்லலாம் என்று பொய்யையும் ஆயத்தப்படுத்தியிருந்தேன்.

அவர் மேலே படுத்திருக்கிறார் என்று நினைத்துக் குசினி மேசையில் பேப்பரை விரித்துக் கீரையைக் கொட்டினேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். எதிரில் இருந்தார். நான் கீரை ஆய்ந்தால் தானும் சேர்ந்து ஆய்வது அவருடைய வழக்கம். ஒரு கொத்தை எடுத்தார்.

"எங்கால?"

"பக்கத்துத் துண்டு மனிசி தந்தவ."

அவர் ஒரு இலையைக் கிள்ளி விரலில் வைத்துப் பார்த்தார். "அவவின்ர அகலம். இது என்ர விதை."

நான் தண்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவுக்கு வாறதெண்டா ஓகஸ்ட் கடைசியில போட்டிருக்கவேணும்," என்றார். கோபமில்லாத குரல். தன் கணக்கைத் தானே சொல்லிப் பார்க்கிற குரல். "நீர்தான் போட்டனீரோ?"

"ஓம்."

"ஏப்ரலுக்குப் பொறுப்பம் எண்டுதானே கதைச்சது. ஏன் பொறுக்கேல்லை?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்துக்கு இன்னொரு பொய்யைக் கொடுக்க எனக்கு ஏலவில்லை.

"ஏப்ரல் இல்லையப்பா," என்றேன்.

அவர் இலையைப் பேப்பரில் வைத்தார். வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எப்ப இருந்து?"

"ஜூலை."

"அப்ப ஜூலையில இருந்து அந்த ஊசியை ஏன் போட்டனான்?" என்று கேட்டார். "எனக்கு மாறும் எண்டுதானே வாய்க்குள்ள இரும்பை வைச்சுக்கொண்டு இருந்தனான்? என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?" குரல் உயர்ந்து இருமலில் முடிந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. மேலே ஏறிப் போனார். கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார்.

அன்று வறை செய்தேன். சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. கோபத்தில் போய்விடுவாரோ என்று பயந்தேன். மச்சாள் சொன்னது பலித்துவிடுமோ என்று ஒவ்வொரு மணித்தியாலமும் மேலே போய் மூச்சுப் பார்த்தேன். மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, திரும்பவும் மூடிக்கொண்டார்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னார். "தமிழ் கதைக்கிற ஆளை அவையளையே ஒழுங்கு பண்ணச் சொல்லும். மகன் வேண்டாம்."

மகன்தான் காரில் கொண்டுபோனான். அறை வாசலில் தகப்பன் கையால் நில் என்று காட்டினார். அவன் வெளியே கதிரையில் இருந்தான். உள்ளே மேசையில் வைத்த போனில் ஒரு பெண் குரல், இந்தியத் தமிழ். வணக்கம் சார் என்றது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஏப்ரல் முடிவுக்கு நான் இருப்பனோ எண்டு கேளுங்கோ, தங்கச்சி."

போனில் இருந்த பெண் கேட்டாள். டொக்டர் அவரை நேரே பார்த்துச் சொன்னாள். நான் முதலே விளங்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

"இல்லைன்னு சொல்றாங்க, சார்," என்றது குரல். கொஞ்சம் தடுமாறியது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கறதே கஷ்டம்னு சொல்றாங்க. ரொம்ப வருத்தப்படறதா சொல்றாங்க."

"அவவை வருத்தப்பட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இனி ஊசி வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ."

வெளியே வந்து மகனைக் கடந்து நடந்தார். கார்க் கதவு வரை போனவர் நின்று, அவன் தோளில் கையை வைத்தார். ஊன்றுவதற்கா, வேறெதற்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் அழுதான். இவர் அழவில்லை.

அந்த ஒக்டோபர் குளிரில் துணிக்குக் கீழே இருந்த கீரை தப்பிவிட்டது. கடும் உறைபனி நவம்பர் கடைசி வரை வரவில்லை. கிழமைக்கு ஒருதரம் கொஞ்சம் வெட்டி வந்தேன், இப்போது கோயில் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிடுவார்.

நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம். குழைந்த சோற்றில் வறையைப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். முகம் சுருங்கியது. நோவு வந்துவிட்டதோ என்று கிட்டப் போனேன்.

"இஞ்சேரும், உப்புக் கூடிப்போச்சு," என்றார்.

நான் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை, உறைக்கவில்லை என்று கோடை முழுக்க அவர் பங்கில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டு என் கை அதற்கே பழகிவிட்டிருந்தது. அவரும் அதை இதுவரை தெரியாமலே சாப்பிட்டிருக்கிறார். ஊசியை நிறுத்தி ஒரு மாதத்தில் நாக்குத் திரும்பி வந்துவிட்டது. ஜூலையிலேயே நிறுத்தியிருந்தால் ஓகஸ்டில் வந்திருக்கும். உப்பு, புளி, தேத்தண்ணி, மீன் எல்லாம் வந்திருக்கும். நான் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு உப்பில்லாமல் இன்னொரு பிடி கீரை வறுத்துக் கொடுத்தேன், முழுவதையும் சாப்பிட்டார்.

டிசம்பர் தொடக்கத்தில் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டில் சனம் நிறைந்திருந்தபோது மச்சாள் என் முன்னால் வந்து இருந்தாள். எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். "நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா என்ர தம்பி ஊசியை விட்டிருக்க மாட்டான். ஏப்ரல் வரைக்கும் இருந்திருப்பான்."

அவள் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கலாம். டொக்டரே சில கிழமை என்று சொன்னாள்தானே. நான் மச்சாளை நிமிர்ந்து பார்த்தேன்.

"இருந்திருப்பார், மச்சாள்," என்றேன். "நான் சமைச்சதில உப்புக் கூட எண்டு தெரியாமலே இருந்திருப்பார்."